வழித்தடமும் வாய்க்காலும்: ஈஸ்மெண்ட் பாத்தியம் எப்படி உண்டாகிறது, எப்படி ஒழிகிறது

எங்கள் பக்கம் தோட்டத் தகராறு பெரும்பாலும் ஒரு பூட்டில்தான் ஆரம்பிக்கும். நேற்று வரை திறந்து கிடந்த தடத்தில் இன்று காலை இரும்பு கேட், கேட்டில் புதுப் பூட்டு. பால் கேனோடு வந்தவர் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் போன் போடுவார். "எங்க தாத்தா காலத்துல இருந்து போய்வர்ற தடமுங்க, திடீர்னு அடைச்சுப்போட்டாங்க." அவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அவருக்கு எரிச்சலைத்தான் தரும்: "அந்தத் தடம் உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"நடந்தோம், வந்துச்சு" என்பார்கள். கோர்ட்டுக்கு அது போதாது. அடுத்தவர் நிலத்தில் நடக்கும் உரிமை நமக்கு வர ஐந்து வாசல்கள் உண்டு. எந்த வாசல் வழியாக வந்தது என்பதை வைத்துத்தான் அதன் அகலம் என்ன, யார் யார் போகலாம், எப்போது ஒழியும் என்பதெல்லாம் முடிவாகும். வாசலை மாற்றிச் சொல்லிக் கேஸ் போட்டுத் தோற்றவர்கள் நிறைய. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகும்.

சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம். தமிழில் வசதியுரிமைச் சட்டம் என்றும் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணம், குடகு ஆகிய மூன்று பகுதிகளுக்குத்தான் போட்டார்கள். பம்பாய்க்கு 1891-ல்தான் போனது. நம் ஊருக்கு இது முதல் நாளிலிருந்தே பழக்கமான சட்டம். (இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே ரோமன்-டச்சுச் சட்டம் வேறு, காலக் கணக்கும் வேறு. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஈஸ்மெண்டுக்கு எப்போதும் இரண்டு நிலங்கள் வேண்டும். பலன் பெறும் நிலம் ஒன்று, சுமை தாங்கும் நிலம் இன்னொன்று. பலன் பெறும் நிலத்தை நல்லபடியாக அனுபவிப்பதற்காக, அடுத்தவர் நிலத்தில் ஒன்றைச் செய்யவோ, அங்கே ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கவோ உள்ள உரிமைதான் ஈஸ்மெண்ட். அவர் தடத்தில் நான் நடப்பது முதல் வகை. என் ஜன்னல் வெளிச்சத்தை மறைத்து அவர் சுவர் எழுப்பக்கூடாது என்பது இரண்டாவது வகை. உரிமை நிலத்தோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. நிலத்தை விற்றால் அதுவும் கூடவே போகும். நிலத்தை வைத்துக்கொண்டு தடத்தை மட்டும் தனியாக விற்க முடியாது.

முதல் படி: அது ஈஸ்மெண்ட்தானா என்று பாருங்கள்

கோர்ட்டைப் பற்றி யோசிக்கும் முன் சர்வே எண்ணைக் கையில் எடுங்கள். புலப்பட (நில அளவை வரைபட) நகலையும், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைக் கணக்கான அ-பதிவேட்டு நகலையும் வாங்குங்கள். அரசின் இ-சேவைத் தளத்திலேயே இவற்றைப் பார்க்கலாம். தடம் தனி உட்பிரிவாகப் பிரிந்து, அ-பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்றோ 'பாதை புறம்போக்கு' என்றோ இருந்தால் உங்களுக்கு ஈஸ்மெண்டே தேவையில்லை. அது அரசு நிலம், பொதுப்பாதை. அடைத்தவர் ஆக்கிரமிப்பாளர். 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை கேட்டுத் தாசில்தாருக்கு மனுப் போடலாம். இருபது வருட அனுபவம், சாட்சி, மூலப்பத்திரம் எதுவும் அங்கே வேண்டியதில்லை. இதைப் பார்க்காமலேயே ஈஸ்மெண்ட் என்று கேஸ் போட்டு, பொதுப்பாதையைத் தனியார் தடம் என்று தாங்களே ஒப்புக்கொண்டவர்களும் உண்டு.

தடம் பட்டா நிலத்துக்குள் ஓடினால் கதை வேறு. அங்கே உங்களுக்குப் பாத்தியம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது வருவாய்த்துறையின் வேலை அல்ல, சிவில் கோர்ட்டின் வேலை. வி.ஏ.ஓ. கொடுத்த சான்று கையில் இருந்தால் நல்லது, ஆனால் அது சாட்சியம் மட்டுமே, தீர்ப்பு ஆகாது.

அடுத்து, அனுமதியா உரிமையா என்று பிரித்துப் பாருங்கள். "போய்ட்டு வாப்பா, நம்ம தடம்தானே" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்லி நீங்கள் நடந்தீர்கள் என்றால் அதற்குச் சட்டத்தில் லைசென்ஸ் என்று பெயர். அவர் கொடுத்தது உங்களுக்கு; உங்கள் நிலத்துக்கு அல்ல. பொதுவாக அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஒரே விஷயம், அந்த அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் ஒன்றைச் செய்திருந்தால் (கல் பாலம் கட்டியது போல) திரும்பப் பெற முடியாது என்று பிரிவு 60 சொல்கிறது. சும்மா மண் கொட்டிச் சமப்படுத்தியதை நிரந்தரக் கட்டுமானம் என்று வாதாடுவது கஷ்டம்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக வந்தது?

பத்திரம் வழியாக வருவதுதான் எல்லாவற்றிலும் பலமானது. சுமை தாங்கும் நிலத்தின் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். கிரயப் பத்திரத்திலேயே இருக்கலாம், பாகப் பத்திரத்தில் இருக்கலாம், தடத்துக்கென்றே தனிப் பத்திரமாகவும் இருக்கலாம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து உரிமையை எழுத்தில் உண்டாக்கினால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் (இன்றைக்கு நூறு ரூபாய்க்குக் குறைந்த தடம் எங்கே இருக்கிறது?) பதிவில்லாத வெள்ளைத்தாளை நம்பாதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நம் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி வரும்: "மேற்படி பூமிக்குக் கீழ்புறம் உள்ள தென்வடல் வண்டித்தடத்தில் ஆட்கள், கால்நடைகள், வண்டி வாகனாதிகள் போகவர உள்ள மாமூல் தடவழி பாத்தியமும் சேர்த்து." படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்? உங்களுக்கு விற்றவர். தடம் ஓடுவது யார் நிலத்தில்? மூன்றாம் ஆள் நிலத்தில். விற்றவர் தன்னிடம் இல்லாத ஒன்றை அடுத்தவர் நிலத்தின் மேல் உண்டாக்கிவிட முடியாது. இருந்தால் கைமாறும், இல்லையென்றால் அந்த வரி வெறும் மைதான். ஆகவே பின்னோக்கிப் போக வேண்டும். 1970-களின் பத்திரத்திலோ அதற்கு முந்தியதிலோ, தடம் ஓடும் நிலத்தின் சொந்தக்காரரோ அவருடைய முன்னோரோ கையெழுத்துப் போட்ட ஒரு ஆவணம் கிடைக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஒரு பழைய பாகப் பத்திரத்தில் கிடைக்கும். அந்த நிலத்தின் சர்வே எண்ணுக்கும் சேர்த்து வில்லங்கச் சான்று போடச் சொல்வது இதற்காகத்தான்.

எழுதிக் கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதும் உண்டு. நான்கு பேர் கூட்டாக வைத்திருக்கும் நிலத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுத் தடம் கொடுத்தால் மற்ற மூவரையும் அது கட்டாது. குத்தகைதாரர் கொடுத்தால் குத்தகை இருக்கும் வரைதான்.

தேவையால் வருவது இரண்டாவது வாசல். மக்கள் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். "எனக்கு வேற வழியே இல்லைங்க, எப்படியாவது தடம் குடுத்துத்தானே ஆகணும்?" ஆக வேண்டியதில்லை. பிரிவு 13-ன்படி இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் ஒரே ஆளுடையதாகவோ ஒரே குடும்பத்தின் கூட்டுச் சொத்தாகவோ இருந்திருக்க வேண்டும். அதை விற்றபோதோ, உயில் எழுதியபோதோ, பாகம் பிரித்தபோதோ ஒரு துண்டு நாலாபக்கமும் அடைபட்டுப் போயிருக்க வேண்டும். அப்படியானால் மீதி நிலத்தின் வழியாகத் தடம் இருப்பதாகச் சட்டமே வைத்துக்கொள்ளும். அப்பா ஐந்து ஏக்கரை வைத்திருந்தார். ரோட்டோரம் மூத்தவருக்கு, உள்ளே இளையவருக்கு என்று பிரித்தார். பாகப் பத்திரத்தில் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இளையவருக்குத் தடம் உண்டு. அதே நிலம் எந்தக் காலத்திலும் வேறு வேறு குடும்பங்களுடையதாகவே இருந்து வந்திருந்தால் இந்த வாசல் மூடிக்கொள்ளும்.

தேவை என்றால் முழுத் தேவை. சுற்றிக்கொண்டு போகும் வரப்பு வழி ஒன்று இருந்து, அது மழைக்காலத்தில் சேறாகும் என்பதெல்லாம் சௌகரியக் குறைவு; தேவை அல்ல. மாற்று வழி இருக்கும்போது தேவை என்று கேட்க முடியாது என்று 2024-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தடம் எந்தப் பக்கமாகப் போகும் என்று யார் சொல்வது? பிரிவு 14 இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறது. எவர் நிலத்தின் வழியாகப் போகிறதோ அவர்தான் காட்ட வேண்டும். ஆனால் போகிறவருக்கு நியாயமான அளவு வசதியாக இருக்க வேண்டும். பாறை மேலும் கிணற்று மேட்டிலும் காட்டிவிட்டுப் போக முடியாது. காட்ட மறுத்தால் போகிறவரே குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வாசல் இதன் தம்பி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தபோது எப்படி அனுபவித்தார்களோ அப்படியே தொடர்வது. மேல் வீட்டுச் சாக்கடை கீழ் வீட்டு வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது; ஒரு ஜன்னல் பக்கத்து முற்றத்திலிருந்து வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஒரு வீட்டை விற்றார். விற்ற அன்றைக்கு இருந்த அந்த அனுபவம், வெளிப்படையாகத் தெரிவதாகவும், மனிதர் கைபடாமல் தானாகத் தொடர்வதாகவும், அந்த நிலைமையில் வீட்டை அனுபவிக்கத் தேவையானதாகவும் இருந்தால் விற்பனையோடு சேர்ந்தே போகும். இங்கே முழுத் தேவை வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள், நடைதடம் தானாகத் தொடர்வது அல்ல. ஒவ்வொரு முறையும் ஒருவர் காலெடுத்து வைத்தாக வேண்டும். ஆகவே தடத்துக்கு இந்த வாசல் பொதுவாக உதவாது. சாக்கடைக்கும் ஜன்னலுக்கும்தான்.

நான்காவது, நீண்ட கால அனுபவம். எல்லோரும் நேராக ஓடி வருவது இங்கேதான். இருபது வருடம் நடந்தால் போதும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். பிரிவு 15 அப்படிச் சும்மா சொல்லவில்லை. அமைதியாக, வெளிப்படையாக, ஈஸ்மெண்டாக, உரிமையோடு, இடையில் தடையில்லாமல் இருபது வருடம். சுமை தாங்குவது அரசு நிலமென்றால் முப்பது வருடம். ஒவ்வொரு சொல்லும் ஒரு கேஸைக் கவிழ்க்க வல்லது.

சட்டமே உதாரணங்கள் தந்திருக்கிறது. 1883-ல் ஒருவர் கேஸ் போடுகிறார், 1862 ஜனவரி 1 முதல் 1882 ஜனவரி 1 வரை நடந்ததை நிரூபிக்கிறார், ஜெயிக்கிறார். அடுத்த உதாரணத்தில், அந்த இருபது வருடத்தில் ஒரு வருடம் அவர் அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குத்தகைதாரராக நடந்தது தெரியவருகிறது. கேஸ் தள்ளுபடி. அந்த ஒரு வருடம் அவர் தன் கைவசமிருந்த நிலத்தில் நடந்தார், ஈஸ்மெண்டாக நடக்கவில்லை. மூன்றாவது உதாரணத்தில், இடையில் ஒரே ஒரு தடவை, "இது என் உரிமை இல்லை, போய்வர அனுமதி கொடுங்கள்" என்று கேட்டுவிட்டார். அதுவும் தள்ளுபடி. மரியாதைக்காகக் கேட்டேன் என்று இப்போது சொல்லிப் பிரயோஜனமில்லை. நம் ஊரில் பஞ்சாயத்துப் பேச்சில் "அண்ணன் பெரிய மனசு பண்ணித் தடம் விடணும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத் தேடி எடுத்து வந்துவிட்டால் இருபது வருடமும் காற்றில் போய்விடும்.

தடை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எதிரி ஒருநாள் முள் வெட்டிப் போட்டான், மறுநாள் எடுத்துவிட்டோம் என்றால் அது தடை ஆகாது. அனுபவம் உண்மையிலேயே நின்று, தடை இருப்பதும் வைத்தவர் யார் என்பதும் தெரிந்த பிறகு ஒரு வருடம் சும்மா இருந்தால்தான் தடை.

எல்லாவற்றையும்விட ஆபத்தான வரி இன்னொன்று. அந்த இருபது வருடம், கேஸ் போடும் தேதிக்கு முந்தின இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் நடந்தவர், அடைத்த பிறகு பேச்சுவார்த்தை, ஊர்ப் பெரியவர்கள், கோயில் பண்டிகை முடியட்டும் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டால் இந்த வாசல் அவருக்கு அடைபட்டுவிடும்.

கேஸ் எழுதும்போதும் சூடு உண்டு. வழி அனுபவத்தைத் துல்லியமாக, எந்தத் தேதியில் இருந்து என்று சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. 2024 தீர்ப்பில், 'கடந்த பல ஆண்டுகளாக' என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதியதை இருபது வருடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது. நம் பிராதுகளில் 'வெகுகாலமாக', 'பாட்டன் பூட்டன் காலந்தொட்டு' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதேபோல், தடம் எனக்கே சொந்தம் என்று மட்டும் கேட்டுவிட்டு, சொந்தம் நிரூபணமாகவில்லை என்றதும், சரி ஈஸ்மெண்டாவது கொடுங்கள் என்றால் கொடுக்க முடியாது என்று 2008-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்டதைத்தான் தர முடியும்.

சிலவற்றை எத்தனை வருடமானாலும் இந்த வழியில் பெற முடியாது. அவற்றில் விவசாயிகளை அதிகம் கடிப்பது நிலத்தடி நீர். என் கிணறு அறுபது வருடமாக ஊறுகிறது, பக்கத்தில் போர் போட்டதும் வற்றிவிட்டது என்று வருகிறார்கள். தெளிவான நீர்த்தடம் வழியாக ஓடாத நிலத்தடி நீருக்கு அனுபவ பாத்தியம் கிடையாது என்று பிரிவு 17 வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. காலி மனைக்குக் காற்றும் வெளிச்சமும் கேட்பதும் அப்படியே. ஜன்னல் உள்ள கட்டடத்துக்குத்தான் அது.

ஐந்தாவது வாசல் ஊர் வழக்கம். மேய்ச்சல் நிலத்தில் ஊர் விவசாயிகள் மாடு மேய்ப்பது சட்டத்தில் உள்ள உதாரணம். நிரூபிப்பது கடினம், தனி மனிதர் தகராறுகளில் அதிகம் வருவதில்லை.

மூன்றாம் படி: எவ்வளவு அகலம், என்ன வண்டி?

பாத்தியம் உண்டு என்று ஜெயித்தவர்கள்கூட அடுத்த நாளே சண்டை போடுவது இதில்தான். பத்திரத்தில் அளவு இருந்தால் அதுவே கடைசி. இல்லையென்றால், ஒரு வகை வழி உரிமையில் இன்னொரு வகை அடங்காது என்கிறது பிரிவு 28. நடைதடம் வைத்திருப்பவர் லாரி ஓட்ட முடியாது. தேவையால் வந்த தடம், அது உண்டான அன்றைக்கு என்ன தேவையோ அந்த அளவுக்குத்தான். அனுபவத்தால் வந்தது, எப்படி அனுபவித்தாரோ அப்படித்தான். ஜன்னல் வெளிச்சமும் அந்த இருபது வருடம் முழுக்க எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான்.

பாத்தியம் உள்ளவர் தடத்தைச் சரிசெய்துகொள்ளலாம், குழாய் உடைந்தால் உள்ளே போய்த் தோண்டலாம். தோண்டியதை மூடி மட்டம் செய்துவிட்டு வர வேண்டும். செலவு அவருடையது. நிலக்காரர் கை வைத்து எதையும் செய்து தர வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். இந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வாங்கிய வேறொரு நிலத்துக்கும் சேர்த்துப் போக முடியாது. எந்த நிலத்துக்காக வந்ததோ அதற்கு மட்டும்தான். தோட்டத்தைப் பிள்ளைகள் மூன்றாகப் பிரித்தால் மூன்று பேருக்கும் தடம் உண்டு, ஆனால் சுமை கூடக்கூடாது.

நான்காம் படி: அடைத்துவிட்டால்

பூட்டை உடைக்காதீர்கள். பாத்தியம் உள்ளவர் தடையைத் தானே அகற்றக்கூடாது என்று பிரிவு 36 சொல்கிறது. கடப்பாரையோடு போனால் அவர் போலீஸ் ஸ்டேஷனில் முந்திக்கொள்வார். சிவில் தகராறில் நீங்கள் கிரிமினல் எதிரி ஆகிவிடுவீர்கள்.

போட்டோ எடுங்கள். கேட்டை மட்டுமல்ல, தடத்தின் இரண்டு பக்கமும் உள்ள பழைய வேலி, சக்கரம் பதிந்த பள்ளம், ஓரத்து வேப்பமரம், மின்கம்பம் எல்லாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு பெரும்பாலும் மாவட்ட முன்சீப் கோர்ட்டில், பாத்தியம் உண்டு என்று விளம்புகை, தடுக்கக்கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை, கட்டியதை இடிக்கச் செயலுறுத்துக் கட்டளை மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கூடவே இடைக்காலத் தடைக்கும், இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனருக்கும் மனு.

கமிஷனர் வரும் நாள் முக்கியமான நாள். டேப்போடு அளக்க வருவார், சர்வேயர் கூட இருந்தால் இன்னும் நல்லது. எதிரி முந்தின வாரமே தடத்தை உழுது தட்டைப்பயிறு விதைத்திருப்பார். பயிரின் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துப் பயிர் இடுப்பளவு, தடத்தில் மட்டும் நான்கு இலை என்றால், அந்த நான்கு இலை உங்களுக்குச் சாட்சி. உழாமல் விட்ட ஓரத்தில் மண் கெட்டிப்பட்டுக் கிடந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பிராதோடு இணைக்கும் வரைபடத்தில் தடத்தைச் சிவப்பில் காட்டி, முனைகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டு, நீள அகலத்தை அடியில் குறிப்பிட வேண்டும். இது இல்லாமல் தீர்ப்பு வாங்கினால் நிறைவேற்றுகையில் அமீனாவால் (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) எந்த இடத்தைத் திறந்து கொடுப்பது என்றே சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: எப்படி ஒழிகிறது

வந்த வாசலைக் கேட்டதற்கான பலன் இங்கேதான் தெரியும்.

தேவையால் வந்த தடம், தேவை தீர்ந்ததும் ஒழியும். உள்ளே இருந்த இளையவர் பின்பக்க நிலத்தை வாங்கி ரோட்டைத் தொட்டுவிட்டார் என்றால் அண்ணன் தடத்தை மூடலாம். பத்திரத்தில் எழுதி வந்த தடத்துக்கு இது பொருந்தாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், 2006-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பிரிவு 41 தேவைக்கானது மட்டும், எழுதிக் கொடுத்த பாத்தியம், வேறு வழி வந்துவிட்டது என்பதால் ஒழியாது. ஆகவே தடத்தை மூட நினைப்பவர் முதலில் பழைய பாகப் பத்திரத்தைத்தான் படிக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் ஒரே பத்திரம்தான் பெட்டியில் இருக்கும்.

எழுதி விட்டுக்கொடுத்தால் ஒழியும். விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். எழுதாமலும் விட்டுக்கொடுத்ததாக ஆகலாம். ஓட்டு வீட்டின் தாவாரத் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் விழும் பாத்தியம் ஒருவருக்கு இருந்தது. ஓட்டைப் பிரித்து மாடி கட்டினார், மழைநீர்க் குழாயைத் தெருப்பக்கம் நிரந்தரமாகத் திருப்பிவிட்டார். அத்தோடு பாத்தியம் போயிற்று. ஜன்னலை நிரந்தரமாகச் செங்கல் வைத்து அடைத்தாலும் அப்படித்தான். அல்லது, "நீங்க இங்க ரூம் கட்டிக்கோங்க" என்று தடத்தின் மேலேயே கட்ட நீங்களே சொல்லி, அவரும் கட்டி முடித்துவிட்டார் என்றால் பிறகு கேட்க முடியாது.

சும்மா பயன்படுத்தாமல் விட்டது மட்டும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், தோட்டம் ஐந்து வருடம் தரிசு, தடத்தில் புல் முளைத்துவிட்டது. பாத்தியம் அப்படியே இருக்கிறது. ஒழிய வேண்டுமென்றால் தொடர்ந்து இருபது வருடம் யாரும் போகாமல் இருக்க வேண்டும். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் போய்வந்தாலும் எல்லோருக்கும் தப்பிக்கும். தேவையால் வந்த தடம் எத்தனை வருடம் போகாவிட்டாலும் இப்படி ஒழியாது. அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வசதியும் பிரிவு 47-ல் உண்டு: பாத்தியத்தை விடவில்லை, வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்துதான் இருபது வருடக் கணக்கு ஓடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உபயோகமான பிரிவு.

இரண்டு நிலமும் முழுமையாக ஒரே ஆளுக்குச் சொந்தமானால் ஒழியும். தன் நிலத்தில் தனக்கே பாத்தியம் என்று ஒன்று இல்லை. முழு உரிமை வேண்டும்: ஒரு பங்கு வாங்கினால் ஒழியாது, குத்தகைக்கு எடுத்தால் அந்தக் காலத்துக்கு நிறுத்தி வைக்கப்படும், அவ்வளவுதான். வாங்கிய பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்துவிட்டால் ஒழிந்த பாத்தியம் மறுபடி உயிர்பெறும். தேவைத் தடம் என்றால், எந்தக் காரணத்தால் இரண்டும் திரும்பப் பிரிந்தாலும் உயிர்பெறும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். காலம் குறித்துக் கொடுத்தது அந்தக் காலத்தோடு போகும். ரத்து செய்யும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் ரத்து செய்யலாம். எந்தச் சூழ்நிலையிலும் பலன் தர முடியாததாகிவிட்டால் ஒழியும். இரண்டில் ஒரு சொத்து முழுக்க அழிந்தால் ஒழியும். அழிந்தது கட்டடமாக இருந்து, அதே இடத்தில் இருபது வருடத்துக்குள் திரும்பக் கட்டினால் பாத்தியம் திரும்பும், பக்கத்துக்காரர் மேல் கூடுதல் சுமை விழாத பட்சத்தில்.

இன்று சண்டை அதிகம் வருவது பிரிவு 43-ல். ஒரு ஏக்கர் தோட்டத்துக்கு வண்டித்தடம். வாங்கியவர் அதைப் பதினைந்து சைட்டாகப் பிரித்து விற்கிறார். மாட்டுவண்டி போன தடத்தில் ஜேசிபியும் கலவை லாரியும். பலன் பெறும் நிலத்தில் நிரந்தர மாற்றம் செய்து, அதனால் சுமை கணிசமாகக் கூடி, கூடியதை மட்டும் தனியே குறைக்கவும் முடியாது என்ற நிலை வந்தால் பாத்தியமே ஒழியும் என்கிறது சட்டம். எப்படி வேண்டுமானாலும் அனுபவித்துக்கொள் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், தொந்தரவு பொருட்படுத்த முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும், தேவைத் தடமாக இருந்தாலும் விலக்கு உண்டு. தேவைத் தடம் இந்தக் காரணத்தால் ஒழியாது என்பதற்காகப் பழைய தேவைக்கு மேல் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சைட் வாங்குகிறவர்கள் புரோக்கர் காட்டும் தடம் எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஆறாம் படி: இப்போது எழுதுவதானால்

பக்கத்துக்காரர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். நிலக்காரர் குடும்பத்தில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் பேங்கில் அடமானம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த சர்வே எண்ணின் எந்த ஓரத்தில், எத்தனை அடி அகலம், எத்தனை அடி நீளம், எதிலிருந்து எதுவரை. ஆள், மாடு, டிராக்டர், லாரி இவற்றில் எவை. குழாயும் மின்கம்பியும் தடத்தின் அடியிலும் மேலேயும் போகலாமா. கேட் போடலாமா, போட்டால் சாவி யாரிடம். மண் கொட்டும் செலவு யாருடையது. பலன் பெறும் நிலத்தைப் பிரித்து விற்றால் வாங்குகிறவர்களுக்கும் உண்டா. 'மாமூல்' என்ற சொல்லை மட்டும் எழுத்தரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வரைபடம் ஒன்று போட்டு இரண்டு தரப்பும் அதிலும் கையெழுத்திட வேண்டும்.

கடைசியாக ஒன்று. சொத்து விவரத்தில் உங்கள் நிலத்தின் சர்வே எண்ணை மட்டும் போட்டுவிடுவார்கள். தடம் ஓடும் நிலத்தின் சர்வே எண்ணை இரண்டாவது அட்டவணையாகக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். அதைப் போட்டால்தான் நாளைக்கு அந்த நிலத்தை வாங்க வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது உங்கள் தடம் அதில் வரும். பதிவு முடிந்த அடுத்த வாரம் அந்த எண்ணுக்கு நீங்களே ஒரு வில்லங்கச் சான்று போட்டு, வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.